ஸ்ரீரங்கம் வரைக்கும் ஒரு டிக்கெட்

அந்த மணிக்கட்டு முழுசாக மடங்க மறுத்தது.

நான் பந்தயக் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். வரதன் கதவு வழியாகத் தலையையும் தோளையும் உள்ளே நுழைத்து, என் தோளில் கிடந்த பட்டைகளை இழுத்து, வயிற்றுக்கு நேரே இருந்த பூட்டில் செருகிக்கொண்டிருந்தான். வலது கை சுலபமாக வேலையை முடித்தது. இடது கை தடுமாறியது. கையுறைக்கும் சட்டையின் கைக்கும் நடுவே ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு தெரிந்தது. பட்டையின் உலோக நுனி பூட்டின் விளிம்பில் இரண்டு தடவை இடித்து, மூன்றாம் தடவைதான் ‘டக்’கென்று உள்ளே போனது.

அந்த மணிக்கட்டை உடைத்தவன் நான்.

உடைத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த மூன்று வருடமும் நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இப்போது மலேசியாவில் ஒரு பந்தயத் தளத்தில், ஒரே அணியில், ஒரே காரில், ஒரே இருக்கையில் மாறி மாறி உட்கார வேண்டியவர்களாக வந்து சேர்ந்திருந்தோம்.

“முப்பத்தொன்பது வினாடி” என்றார் ஹெலன், ஸ்டாப்வாட்சைப் பார்த்தபடி. எங்கள் அணியின் பொறியாளர், ஆஸ்திரேலியாக்காரர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். “நாளைக்கு இது இருபத்தஞ்சுக்குள்ள வரணும். நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறந்து பேசிக்கிட்டே செஞ்சா தன்னால வந்துடும். ஒரே ஊர்தானே நீங்க?”

வரதன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான். நான் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டை மாட்டிவிட இன்னொருத்தர் எதற்கு?

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு லால்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: “காரில் ஒருத்தர் உட்கார்ந்து ஓட்டப் போகிறார். அவருக்குப் பட்டை மாட்டிவிட இன்னொருத்தர் எதற்கு?”

நியாயமான கேள்வி. நான் ஓட்டிய பந்தயங்கள் பெரும்பாலும் ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என்று போகிறவை. ஒரே ஆளால் அவ்வளவு நேரம் ஓட்ட முடியாது, விதியும் விடாது. அதனால் ஒரு காருக்கு இரண்டு அல்லது மூன்று பேர். மணிக்கு ஒரு தரம் பெட்ரோல் போடவும் டயர் மாற்றவும் கார் ‘பிட்’ என்கிற இடத்துக்கு வந்து நிற்கும். அந்த அரை நிமிடத்துக்குள் ஒருவர் இறங்கி இன்னொருவர் ஏற வேண்டும்.

ஏறுகிறவர் ஹெல்மெட்டும் கழுத்துக் காப்பும் போட்டிருப்பார், குனிந்து பார்க்க முடியாது. தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, தொடைக்கு இரண்டு என்று ஆறு பட்டைகள். அவற்றை இறங்கியவர்தான் மாட்டிவிட வேண்டும். குடிதண்ணீர்க் குழாயையும் ரேடியோ ஒயரையும் அவர்தான் இணைக்க வேண்டும். மாட்டியது சரியாக இருக்கிறதா என்று ஏறியவருக்குச் சரிபார்க்க நேரம் கிடையாது. நம்பிக் கிளம்ப வேண்டியதுதான்.

நான் பேசாத ஒருவன் கையில் என் உயிர் இருந்தது. அவன் உயிர் என் கையில் இருந்தது. வாசகிக்கு இதுதான் பதில்.

பாலக்கரையும் உத்தர வீதியும்

வரதனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

என் கடை திருச்சி பாலக்கரையில். லாரி உதிரிபாகங்கள். கிரீஸ் வாசனையும் அட்டைப்பெட்டி வாசனையும் கலந்த பத்துக்குப் பத்து இடம். என் அப்பா, எங்கள் பேச்சில் அத்தா, சவூதியில் இருபது வருடம் டிரெய்லர் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து, கடையில் மதியம் மட்டும் உட்காருவார். நான் கார் பந்தயத்துக்குப் போகிறேன் என்றபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: “சுத்திச் சுத்தி ஒரே எடத்துக்குத்தானே வருது? எதுக்கு அவ்வளவு அவசரம்?”

வரதன் ஸ்ரீரங்கத்தில் கீழ உத்தர வீதிக்காரன். சாஃப்ட்வேர் வேலை. சென்னைக்குப் பக்கத்தில் இருந்த பந்தயத் தளத்தில், பேர் கொடுக்கிற வரிசையில் எனக்கு முன்னால் நின்றான். முகவரி எழுதும் இடத்தில் அவன் ‘திருச்சி’ என்று எழுதியதை எட்டிப் பார்த்து, “நானும் அங்கதாங்க” என்றேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தான். ஊர் திரும்புகிற பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் ‘வாங்க போங்க’ போய் ‘வாடா போடா’ வந்துவிட்டது.

நாலு வருடம் ஒன்றாகச் சுற்றினோம். வேறு வேறு அணிக்கு ஓட்டினோம். தளத்தில் ஒருவனை ஒருவன் முந்துவோம். வெளியே வந்ததும் ஒரே டிபன் டப்பாவில் அவன் அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையைச் சாப்பிடுவோம். மழை பெய்தால் நான் வேகம், வெயில் அடித்தால் அவன் வேகம். இரண்டுமில்லாத நாளில் சண்டைதான்.

அப்படி ஒரு நாளில்தான் அது நடந்தது. அந்தப் பருவத்தின் கடைசிப் பந்தயம். கடைசிக்கு முந்திய சுற்று. அவன் முதலாவது, நான் இரண்டாவது. இடதுபக்கம் திரும்பும் ஒரு வளைவில் உள்பக்கமாக நான் நுழைந்தேன். அங்கே ஒரு கார் நுழைய இடமே கிடையாது. எனக்கு அது தெரியும். அவன் விலகுவான் என்று நினைத்தேன்.

அவன் விலகவும் இடம் கிடையாது. சுவரில் மோதி அவன் கார் நின்றது. ஸ்டீயரிங் சுழன்ற வேகத்தில் மணிக்கட்டு போயிற்று.

அன்று மாலையே விசாரணை வைத்தார்கள். அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான். நான் மட்டும் போய் நின்றேன். “அவர்தான் கடைசி நேரத்துல உள்பக்கம் வந்து வழியை அடைச்சாரு” என்றேன். பந்தயத்தில் சகஜமாக நடப்பதுதான் என்று எழுதி மூடிவிட்டார்கள். கோப்பை எனக்கு வந்தது.

கோப்பை வந்தது, அதோடு சரி. விசாரணை என்ன சொன்னாலும் பார்த்தவர்கள் பார்த்ததுதானே. அதன்பின் எந்த அணியும் என்னைக் கூப்பிடவில்லை. மூன்று வருடம் கடையில் பேரிங்கும் பிரேக் லைனிங்கும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மலேசியாவிலிருந்து ஹெலனின் அழைப்பு வந்தபோது, எப்படி என் பேர் கிடைத்தது என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. ஒரு பந்தயத்துக்கு மட்டும். சரியாக வந்தால் அடுத்த வருடம் முழுக்க. இன்னொரு ஓட்டுநர் யார் என்பது விமானம் ஏறியபிறகுதான் தெரிந்தது.

முதல் நாலு மணி நேரம்

பந்தயம் பகல் பன்னிரண்டுக்குத் தொடங்கி மாலை ஆறுக்கு முடியும். வரதன் முதலில் ஓட்டினான்.

மலேசிய வெயில் நம் சித்திரை வெயில் மாதிரி காய்கிற வெயில் இல்லை. புழுங்கிக்கொல்லும். கார்க் கதவை மூடியதும் இட்லிப் பானைக்குள் இறங்கியதுபோல இருக்கும். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கினால் காலணிக்குள் வியர்வை களக் களக் என்று சத்தம் போடும்.

ஒரு மணிக்கு அவன் இறங்கினான், நான் ஏறினேன். அவன் கை என் பட்டைகளை இழுத்தது. இடது பக்கம் ஒரே தடவையில் விழுந்தது. ராத்திரி தனியாக உட்கார்ந்து பழகியிருக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. இரண்டு மணிக்கு அவனுக்கு நான் மாட்டினேன். ஒவ்வொரு பட்டையையும் இழுத்துப் பார்த்து, பிறகு இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன். அதில் இரண்டு வினாடி போயிற்று. ஹெலன் முறைத்தார்.

நாலு மணி தாண்டி, மறுபடி வரதன் ஓட்டிக்கொண்டிருந்தபோது நாங்கள் இரண்டாவது இடத்தில் இருந்தோம். முன்னால் ஒரு மஞ்சள் கார் மட்டும். அந்த அணி உள்ளூர் அணி, பல வருடம் அங்கே ஜெயித்தவர்கள். அவர்கள் டயர்க்காரர்களில் ஒருவர் மலேசியத் தமிழர், பேர் செல்வம். காலையிலேயே வந்து “என்னா அண்ணே, திருச்சியா? எங்க தாத்தா முசிறி” என்று கைகுலுக்கிவிட்டுப் போயிருந்தார்.

வானம் திடீரென்று ஈயப் பாத்திரத்தின் நிறத்துக்கு மாறியது. முதல் சொட்டு விழுந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எதிரே இருந்த பார்வையாளர் கூடம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. அப்படி ஒரு மழை. சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தினார்கள். கார்கள் பிட் பாதையில் வரிசையாக நின்றன. கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வரதன் காரிலிருந்து இறங்கி, கொட்டகைக்குள் நான் உட்கார்ந்திருந்த டயர் அடுக்குக்குப் பக்கத்து அடுக்கில் வந்து உட்கார்ந்தான். வேறு உட்கார இடம் இல்லை.

சிவப்புக் கொடி

தகரக் கூரையில் மழை இறங்கிய சத்தத்தில் பத்தடி தள்ளி நிற்பவருக்கு எதுவும் கேட்காது. அந்தத் தைரியத்தில்தான் வாயைத் திறந்தேன்.

“வரதா.”

திரும்பினான். மூன்று வருடத்தில் அவன் பேரை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

“அன்னிக்கு அங்க எடமே இல்லடா. நீ அடைக்கல. நாந்தான் நுழைஞ்சேன். விசாரணையில நான் சொன்னது பொய்.”

அவன் கையிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்தான். கழுத்தைத் துடைத்தான். துண்டை நாலாக மடித்தான்.

“தெரியும்” என்றான். “என் கார்ல நானே ஒரு சின்ன கேமரா மாட்டி வெச்சிருந்தேன். நூறு தடவையாவது அதைப் பார்த்திருப்பேன்.”

“அப்புறம் ஏன் அவங்ககிட்ட காட்டல?”

“நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். வரலை. அப்புறம் காட்டி என்ன ஆகப்போறதுன்னு விட்டுட்டேன். ஒரு வருஷம் என்னால சட்டைக்குப் பட்டன் போட்டுக்க முடியலைடா. அம்மாதான் போட்டுவிட்டா. முப்பத்திரண்டு வயசுல. அதை நான் மறக்க மாட்டேன்.”

“மறக்க வேணாம்.”

“தினம் கேட்பா, அன்வர் வந்து பார்த்தானான்னு.”

“வந்தேன்.”

“எங்க வந்தே? பொய் சொல்லாதே.”

“இது பொய் இல்ல. நீ ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்த வாரம், பாலக்கரையில ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினேன். ஸ்ரீரங்கத்துக்கு டிக்கெட் எடுத்தேன். காவிரிப் பாலம் தாண்டுற வரைக்கும் என்ன பேசணும்னு சொல்லிப் பார்த்துக்கிட்டே வந்தேன். அதுக்கு மேல முடியல. திருவானைக்கோவில்ல இறங்கிட்டேன். அங்கேருந்து திரும்பி நடந்தேன்.”

வரதன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபம்தான் முதலில் வந்தது. “இன்னும் நாலு நிமிஷம்டா! பஸ்ஸுல உட்கார்ந்துண்டே இருந்திருந்தா போறுமே! மூணு வருஷம் போயிடுத்தே!” என்று கத்தினான். அந்த மழையிலும் ஹெலன் திரும்பிப் பார்த்தார்.

மூச்சை இழுத்துவிட்டு, “என்கூட ஓட்ட நீ எப்படிச் சம்மதிச்சே?” என்றேன்.

“சம்மதிச்சேனா? ஹெலன் மழையில ஓட்டறதுக்கு ஒரு ஆள் வேணும்னு கேட்டா. உன் பேரைச் சொன்னதே நான்தான்.” துண்டை என் மடியில் போட்டான். “மழையில உன்னை மாதிரி ஓட்டறவனை நான் இன்னும் பார்க்கலை. எனக்கு ஜெயிக்கணும். அதுக்கு நீ வேணும். பேசணும்னு ஒண்ணும் அவசியம் இல்லையேன்னு நினைச்சேன்.”

அந்தத் துண்டில் நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மழைத் தண்ணீர் தெறித்திருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ரேடியோவில் பஸ் ரூட்

ஐந்தாகக் கால் மணி இருக்கும்போது பந்தயத்தை மறுபடி தொடங்கினார்கள். வரதன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு உள்ளே வந்தான். டேங்க் நிறையப் பெட்ரோல், மழை டயர், ஓட்டுநர் மாற்றம். நான் ஏறினேன். இருபத்திரண்டு வினாடி. அதுவரை எங்களால் முடியாத வேகம்.

“போ” என்று ஹெல்மெட்டைத் தட்டினான்.

முடிய எழுபது நிமிடம் இருந்தது. ஒரு டேங்க் ஒரு மணி நேரம் தாங்கும். அதனால் எல்லாக் கார்களும் கடைசியில் ஒரு தரம் உள்ளே வந்து கொஞ்சம் பெட்ரோல் போட்டே ஆக வேண்டும் என்பது எல்லோர் கணக்கும். மஞ்சள் காரும் அதே சமயத்தில் நிரப்பிக்கொண்டு, எங்களுக்குப் பன்னிரண்டு வினாடி முன்னால் போய்க்கொண்டிருந்தது.

நான் வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் ஒரு கார் சறுக்கிச் சரளைக்கல்லில் மாட்டிக்கொண்டது. அதை இழுத்து வெளியே எடுக்கும்வரை எல்லோரும் பாதுகாப்புக் காரின் பின்னால் ஊர்ந்தோம். பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் பெட்ரோல் சொட்டுச் சொட்டாகத்தான் செலவானது. மறுபடி பச்சைக் கொடி விழுந்ததும் மஞ்சள் கார் சீறிக்கொண்டு போனது.

ஹெலன் அங்கே உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். நான் மட்டும் கால் அழுத்தாமல் ஓட்டினால், நிற்காமலே முடித்துவிடலாம் என்று விடை வந்திருக்கிறது. நிற்கவில்லையென்றால் ஜெயிப்பது நாங்கள்தான். ஆனால் இதை ரேடியோவில் எனக்கு எப்படிச் சொல்வது? ஒரு அணி பேசுவதை மற்ற அணிகள் ஒட்டுக்கேட்பது அங்கே வழக்கம், தடையும் கிடையாது. மஞ்சள் கார்க்காரர்களுக்குத் தெரிந்தால் அவர்களும் அந்த நிமிடமே பெட்ரோலை மிச்சம் பிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

தமிழில் சொல்லச் சொல்லி ஹெலன் வரதனிடம் மைக்கைக் கொடுத்தார். வரதனுக்குச் செல்வம் ஞாபகம் வந்திருக்கிறது.

என் காதில் அவன் குரல் கேட்டது. “அன்வர், கேட்கறதா? நீ இப்போ ஒண்ணாம் நம்பர் பஸ்ல இருக்கே.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூளை குழம்பிவிட்டதோ என்று நினைத்தேன்.

“சத்திரத்துல பஸ் நிக்காது. ஸ்ரீரங்கம் வரைக்கும் டிக்கெட் எடுத்தாச்சு. பாலம் முடியறதுக்கு முன்னாடியே காலை எடுத்துடு. புரியறதா?”

பாலம் என்றதும் பிடிபட்டது. அந்தத் தளத்தில் இரண்டு நீண்ட நேர்பாதைகள் உண்டு. காவிரிப் பாலம் மாதிரி நீட்டம். அவற்றின் கடைசிவரை அழுத்தாமல் முன்கூட்டியே காலை எடுத்துவிட்டு, கார் தானாக உருண்டு வளைவுக்கு வரட்டும் என்கிறான். பெட்ரோல் மிச்சமாகும். வழியில் எல்லா பஸ்ஸும் நிற்கிற சத்திரம் பஸ் நிலையத்தில் நிற்காது என்றால் பிட்டுக்கு வராதே. ஸ்ரீரங்கம் என்றால் பந்தயத்தின் முடிவு.

“ரைட்” என்றேன், கண்டக்டர் மாதிரி.

“திருவானைக்கோவில்ல இறங்கிடாதேடா” என்றான்.

காருக்குள் தனியாக, ஹெல்மெட்டுக்குள், நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு சேர்ந்து நெஞ்சில் மூன்று வருடமாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று கழன்றது.

ஹெலன் இடையிடையே ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி, “கடைசி இருபது நிமிடத்தில் பிட்டுக்கு வா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் சமர்த்தாகச் சரி சரி என்றேன்.

ஏழு சுற்று

பதினைந்து நிமிடம் இருக்கும்போது மஞ்சள் கார் உள்ளே போனது. பெட்ரோல் போட்டு, தளம் காய்ந்துவருவதால் மழை டயரைக் கழற்றிவிட்டு வெயில் டயரும் மாட்டிக்கொண்டு வந்தது. நான் நிற்காமல் தாண்டிப் போனேன். முதல் இடம். அவன் நாற்பத்தைந்து வினாடி பின்னால்.

“மாம்பழச்சாலை வந்தாச்சு” என்றது ரேடியோ. பாலம் தாண்டியதும் வரும் நிறுத்தம் அது.

ஆனால் என் காரில் இருந்தது மழை டயர். காய்ந்த தாரில் அது வெந்து உருக ஆரம்பித்தது. வளைவுகளில் கார் வெண்ணெய் மாதிரி வழுக்கியது. நேர்பாதைகளில் எங்கெல்லாம் தண்ணீர் தேங்கியிருந்ததோ அங்கெல்லாம் வேண்டுமென்றே காரை விட்டேன். டயர் சூடு தணியட்டும் என்று. வேகமாகவும் போகக் கூடாது, பெட்ரோல் தீர்ந்துவிடும். மெதுவாகவும் போகக் கூடாது, அவன் வந்துவிடுவான்.

“முப்பத்தெட்டு” என்றான் வரதன். அடுத்த சுற்றில், “முப்பது.” அதற்கடுத்து, “இருபத்தொண்ணு.”

டாஷ்போர்டில் பெட்ரோல் விளக்கு எரிந்தது. கண்ணாடியில் தூரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி.

“பன்னண்டு. இன்னும் ரெண்டு சுத்து. விளக்கைப் பார்க்காதே. ரோடைப் பாரு.”

“வரதா, இஞ்சின் இருமுதுடா.”

“இருமட்டும். நீ ஓட்டு.”

கடைசிச் சுற்றில் அவன் எண் சொல்வதை நிறுத்திவிட்டான். தேவையும் இருக்கவில்லை. மஞ்சள் காரின் விளக்கு வெளிச்சம் என் காருக்குள்ளேயே விழுந்தது. கடைசி வளைவு வலதுபக்கம் திரும்பும். மஞ்சள் கார்க்காரன் உள்பக்கம் வரப் பார்த்தான். நான் முன்பே அந்தப் பக்கம் இருந்தேன். ஒரு காருக்கான அகலத்தை வெளிப்பக்கம் அவனுக்கு விட்டேன், அளந்து விட்டேன். அங்கே ஈரம் இருந்தது. வெயில் டயரோடு அவன் அந்த ஈரத்தில் ஏறியதும் அரை நொடி தயங்கினான்.

அந்த அரை நொடி போதும்.

கோட்டைத் தாண்டினேன். ரேடியோவில் யாரும் பேசவில்லை, ஒரே கூச்சல். அதற்கு நடுவே வரதன் குரல் மட்டும் தனியாக உடைந்து கேட்டது: “ஸ்ரீரங்கம்! ஸ்ரீரங்கம்! எல்லாரும் இறங்குங்கோ!”

அடுத்த வளைவிலேயே இஞ்சின் நின்றுவிட்டது. சுத்தமாகத் துடைத்து எடுத்த டேங்க். காரை ஓரமாக உருட்டி நிறுத்தினேன். நனைந்த புல் வாசனை வந்தது. மேகத்துக்கு அடியில் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தது. கொடி காட்டுகிற ஊழியர் ஒருவர் ஓடிவந்து கைநீட்டினார். அவர் கையைப் பிடித்து இறங்கினேன்.

மேடையில் எங்கள் இரண்டு பேர் பேரையும் அறிவிப்பாளர் கடித்துத் துப்பினார். பீய்ச்சி அடிக்கச் சொல்லிக் கொடுத்த பாட்டிலில் ஆப்பிள் சாறு. ஹெலன் தலையில் முழுசாக ஊற்றினோம். தேசியகீதம் ஒலித்தபோது வரதன் சுருதி சேராமல் உரக்கப் பாடினான். நான் அதைவிட உரக்கப் பாடினேன். இறங்கி வந்தபோது செல்வம் வழிமறித்தார்.

“அண்ணே, உண்மையச் சொல்லுங்க. எங்க ஆளுங்க என்னா பேசுறாங்கன்னு என்னைத்தான் கேட்டாங்க. ஊருக்குப் போற பஸ்ஸப் பத்திப் பேசுறாங்க, வீட்டு ஞாபகம் போலன்னு சொல்லிட்டேன் லா. சத்திரம்னா என்னாண்ணே?”

வரதன் அவருக்கு விளக்கிச் சொன்னான். கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் கட்டிப்பிடித்தார்.

அங்கேயே ஹெலன் அடுத்த வருட ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இரண்டு பேருக்கும். அதன்பிறகு நாங்கள் ஒரே காரில் ஓட்டிய வருடங்களும், ஜெயித்த ஊர்களும் பல.

விமான நிலைய வாசலில்

கோலாலம்பூரிலிருந்து நேராகத் திருச்சி விமானம். சுங்கப் பரிசோதனையில் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் ஒரு அதிகாரி. “தங்கமா சார்?” “இல்லீங்க, பித்தளை” என்றேன். “பின்ன ஏங்க ரெண்டு பேரும் இப்படிக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு வர்றீங்க?” என்று சிரித்துவிட்டு அனுப்பினார்.

வெளியே அத்தா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் வரதனின் அம்மா. அதற்குமுன் அவர்கள் சந்தித்ததே இல்லை. நாங்கள் பெட்டிக்காகக் காத்திருந்த நேரத்தில் பழகிவிட்டார்கள். கியரை எப்படிப் போட்டால் எண்ணெய் மிச்சமாகும் என்று டிரெய்லர் கணக்கில் அத்தா சொல்ல, மாமி அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் மாமி முன்னால் போய் நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“வரதன் போன்ல எல்லாம் சொன்னான்” என்றார். பிறகு, “இப்படியா இளைச்சுப் போவே? ஒழுங்கா சாப்பிடறதில்லையா?” என்று கேட்டு என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

வாசலில் அத்தா கொண்டுவந்த பழைய கார். ஓட்டுவதற்கு நானும் வரதனும் ஒரே சமயத்தில் முன்கதவில் கை வைத்தோம். அத்தா எங்கள் இரண்டு பேரையும் விலக்கினார்.

“பின்னாடி உக்காருங்க ரெண்டு பேரும். ஊருக்குள்ள நான் ஓட்டுறேன்.”

மலேசியாவை ஜெயித்த இரண்டு பேரும் பின்சீட்டில், நடுவில் கோப்பை. புதுக்கோட்டை ரோட்டில் அத்தா முப்பதுக்கு மேல் முள் ஏறாமல் ஓட்டினார். சைக்கிளில் போன ஒரு பால்காரர் எங்களைத் தாண்டிப் போனார். சுப்பிரமணியபுரம் வருவதற்குள் ஒரு ஷேர் ஆட்டோ, இரண்டு டவுன் பஸ், ஒரு குப்பை வண்டி எல்லாம் தாண்டிப் போயின.

முன்சீட்டில் உட்கார்ந்திருந்த மாமி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் அத்தா பக்கம் திரும்பினார்.

“நான் ஒண்ணு கேட்கறேன், கொஞ்சம் அழுத்துங்கோளேன். அந்தக் குப்பை வண்டியையாவது முந்தலாமே!”